பெண்கள் மருத்துவப் பள்ளியிலிருந்து பொதுக் கல்லூரிக்கு: வேலூரில் மாணவர் வாழ்வும் மரபும்

1. முன்னுரை

பெண்களுக்கென நிறுவப்பட்ட உயர்கல்வி நிலையமொன்று ஆண்களுக்கும் கதவைத் திறந்துவிடும் நிகழ்வினைக் கல்வி வரலாற்றாசிரியர் பெரும்பாலும் ஒரே வசனத்தில் கூறி முடித்துவிடுவர். நிறுவன மலர்களிலும் நினைவுரைகளிலும் அது 'வளர்ச்சியின் அடுத்த படி' என்றே இடம்பெறும். அந்நிகழ்வுக்கு முன்னர் அங்கு வாழ்ந்த மாணவியர் தமக்கென ஆக்கிக்கொண்ட வாழ்க்கை முறை யாது, அம்முறை எத்தேவையிலிருந்து பிறந்தது, ஆண்கள் வந்தபின் அதில் எது நிலைத்தது, எது பெயரளவில் மட்டும் எஞ்சியது என்னும் வினாக்கள் அவ்வொரு வசனத்துள் மறைந்துபோகின்றன.

இக்கட்டுரையில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியை இவ்வினாக்களின் ஒளியில் நோக்க முனைகின்றோம். 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கப்பெற்று, 1942இல் எம்.பி.பி.எஸ். பட்டப் படிப்பினை மேற்கொண்டு, 1947இல் ஆண் மாணவரையும் சேர்த்துக்கொண்ட இந்நிறுவனம், தமிழ்நாட்டின் எல்லைக்கு அப்பாலும் நன்கறியப்பட்டது. அதன் மருத்துவச் சாதனைகளைப் பற்றி எழுதப்பட்டவை பல. அதனை முதலில் நிரப்பிய மாணவியரின் வாழ்வு அவ்வளவாகப் பேசப்படவில்லை. மரபு என்பது முன்னோர் கொடுத்துச் சென்ற அசையாப் பொருளன்று. குறிப்பிட்ட வரலாற்றுச் சூழலில் குறிப்பிட்ட மனிதர் தம் தேவைக்கேற்ப ஆக்கியதே என்பதும், அத்தேவை மாறும்போது மரபின் வடிவம் நிலைத்தாலும் அதன் பொருள் மாறும் என்பதும் எமது வாதமாகும்.

2. தோற்றப் பின்னணி

வேலூரின் கதையை ஈழத்து வாசகர் பண்டத்தரிப்பிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். அமெரிக்க மிசனரி மருத்துவரான ஜோன் ஸ்கடர் 1819ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்து, பண்டத்தரிப்பில் நிலைகொண்டு மருத்துவப் பணியும் சமயப் பணியும் ஆற்றினார். 1836இல் அவர் சென்னைக்குப் பெயர்ந்தார். அவருடைய மகன் இரண்டாம் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணத்திலே பிறந்தவர். இவரின் மகளே 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்து, பின்னர் வேலூர் நிறுவனத்தை அமைத்த ஐடா ஸ்கடர். தமிழகத்து மிசனரி மருத்துவத்தின் ஒரு முக்கிய கிளை இவ்வாறு யாழ்ப்பாண மண்ணில் வேர்விட்டதாகும்.

அதே அமெரிக்க மிசனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் மேலைமருத்துவத்தைக் கற்பித்ததும், பின்னர் அதனைத் தமிழிலேயே பயிற்றியதும், அதற்கென மருத்துவ நூல்களைத் தமிழில் ஆக்கியதும் நாம் நன்கறிந்தவை. அவரிடம் பயின்று வெளியேறிய மருத்துவர் அறுபதுக்கும் மேற்பட்டோர். அவர்கள் அனைவரும் ஆண்கள். வேலூரில் அதற்கு நேர்மாறான நிலையைக் காண்கின்றோம். அங்கு மாணவியர் பெண்கள். போதனை மொழி ஆங்கிலம். மானிப்பாய் மொழியின் தடையை நீக்கிற்று. வேலூர் பாலின் தடையை நீக்கிற்று. தமிழ்ப் பெண்ணொருத்தி தன் தாய்மொழியில் மேலைமருத்துவம் கற்கும் வாய்ப்பு இரண்டிடத்தும் வாய்க்கவில்லை. இதனைத் தமிழ்ச் சமூக வரலாற்றில் குறிக்கத்தக்க ஓர் இடைவெளியாகக் கொள்ளலாம்.

பெண் மருத்துவர் வேண்டும் என்ற குரல் எழுந்ததன் காரணத்தைத் தெளிதல் வேண்டும். உயர்சாதி இந்துக் குடும்பங்களிலும் முசுலிம் குடும்பங்களிலும் ஆண் மருத்துவர் பெண்களைத் தொட்டுப் பரிசோதித்தல் ஏற்கப்படவில்லை. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி மேரி ஷார்லீபையும் வேறு மூன்று பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1885இல் டஃபரின் நிதியம் தோன்றியது. கொழும்பு மருத்துவக் கல்லூரி 1892இல் பெண்களை அனுமதித்தது. எனினும் இவ்வாய்ப்புகளைப் பயன்படுத்தியோர் சிலரே. ஆண்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து உடற்கூற்றியல் கற்க மகளை அனுப்பத் துணிந்த குடும்பங்கள் அக்காலத்தில் மிகக் குறைவாக இருந்தன.

வேலூரின் தோற்றக் கதையாக வழங்குவது யாவருக்கும் தெரிந்ததே. 1890களின் முற்பகுதியில் திண்டிவனத்தில் ஓரிரவு மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியரைக் காக்குமாறு இளம்பெண்ணாகிய ஐடாவை வேண்டினர். தான் மருத்துவரல்லள் என்றும், தன் தந்தை வருவார் என்றும் அவர் கூறினார். ஆண் மருத்துவரை ஏற்க மூவரும் மறுத்துச் சென்றனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இக்கதை ஐடாவின் மனமாற்றத்தை விளக்குவதற்காகவே மீண்டும் மீண்டும் கூறப்படுகின்றது. நாம் அதில் வேறொன்றையும் காண வேண்டும். அவ்விரவில் முடிவெடுத்தவர் மூவரும் ஆண்கள். இறந்த பெண்களின் விருப்பம் யாதென எவரும் கேட்டதாகக் கதையில் இல்லை. அவர்களின் பெயர்களும் நமக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி தோன்றியது பெண்ணுரிமைக் கோட்பாட்டிலிருந்து மட்டுமன்று. பெண்ணின் உடல்மீது குடும்பமும் சாதியும் செலுத்திய அதிகாரத்துக்கு உட்பட்டு, அதனூடே ஒரு வழியைக் கண்டறியும் முயற்சியிலிருந்தும் அது தோன்றியது. இம்முரண்பாடு அப்பள்ளியின் பிற்கால வரலாறு முழுவதிலும் தொடர்கின்றது.

இங்கு மற்றொரு முரண்பாடும் உண்டு. ஐடா 1895இல் பிலடெல்பியா பெண்கள் மருத்துவக் கல்லூரியிலே தம் படிப்பைத் தொடங்கினார். ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்றதும் அக்கல்லூரியிலேதான். ஆனால் கோர்னெல் பல்கலைக்கழகம் தன் புதிய மருத்துவக் கல்லூரியில் பெண்களையும் சேர்க்க முன்வந்தபோது, ஐடா அங்கு மாறிச் சென்று 1899இல் பட்டம் பெற்றார். பெண்கள் கல்லூரியை விட்டுப் பொதுக் கல்லூரியை நாடிய ஒருவரே வேலூரில் பெண்களுக்கென ஒரு பள்ளியை நிறுவினார். தனித்த கல்வி என்பது அவருக்கு மாறாக் கொள்கையாக இருந்திருக்க முடியாது. இடத்தையும் காலத்தையும் பொறுத்த ஓர் உத்தியாகவே அது இருந்திருத்தல் வேண்டும்.

3. பெண்கள் பள்ளியின் மாணவர் வாழ்வு (1918–1938)

1900இல் தந்தையின் இல்லத்தில் ஒரேயொரு படுக்கையுடன் தொடங்கிய ஐடாவின் மருத்துவப் பணி, 1902இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் நினைவு வைத்தியசாலையாக விரிந்தது. 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கிற்று. 1918 ஓகஸ்ட் 12ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் திறந்துவைத்தார். அங்கு வழங்கப்பட்டது எல்.எம்.பி. என்னும் பட்டயம். அது பல்கலைக்கழகப் பட்டத்திற்குக் கீழான தகுதியாக மதிக்கப்பட்டது. இவ்வேறுபாடு பின்னர் பெரும் நெருக்கடிக்குக் காரணமாயிற்று.

முதல் அணியினருள் பதினால்வர் முதலாண்டுப் பரீட்சைக்குத் தோற்றினர். மாகாணத்தின் ஆண் மாணவருள் ஐவருக்கு ஒருவரே சித்தியடைந்த அப்பரீட்சையில் இப்பதினால்வரும் சித்தியடைந்தனர் என்று கல்லூரியின் வரலாறு கூறும். இவர்கள் 1922இல் தகுதி பெற்று வெளியேறினர். பெண்களால் மருத்துவப் படிப்பின் சுமையைத் தாங்க இயலாது என அரச மருத்துவத் துறையினர் கொண்டிருந்த ஐயத்திற்கு அப்பதினால்வரும் விடையளித்தனர். எனினும் பொதுநினைவில் நிலைத்திருப்பது நிறுவுநரின் பெயரே. இப்பதினால்வரின் பெயர்களை அறிந்தோர் மிகச் சிலர். நிறுவன வரலாறு நிறுவுநர் வரலாறாகச் சுருங்கும்போது மாணவர் வரலாறு எவ்வாறு மறைகின்றதென்பதற்கு இது தக்க சான்றாகும்.

அம்மாணவியரின் வாழ்வில் மூன்று கூறுகள் தெளிவாகத் தெரிகின்றன.

முதலாவது, விடுதி வாழ்வு. தமிழ், தெலுங்கு, மலையாளம் முதலிய வெவ்வேறு மொழிகள் பேசுவோர், பெரும்பாலும் கிறித்தவக் குடும்பங்களைச் சார்ந்தோர், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தனர். விடுதியின் ஒழுங்குகள் கடுமையானவை. மகளைத் தொலைதூரத்துக்கு அனுப்பும் பெற்றோரின் அச்சத்தைத் தணிப்பதற்கு அவ்வொழுங்குகள் தேவைப்பட்டன. ஆயினும் அக்கட்டுப்பாட்டின் உள்ளே புதியதொரு சுதந்திரமும் இருந்தது. திருமணத்திற்கு முன் தந்தையின் வீடு, பின்னர் கணவனின் வீடு என்ற இரு வட்டங்களுக்கு வெளியே, படிப்பையே முதன்மையாகக் கொண்டு, தன்னையொத்த பெண்களோடு பல ஆண்டுகள் வாழும் வாய்ப்பு அக்காலத் தென்னிந்தியப் பெண்களில் எத்தனை பேருக்குக் கிட்டியிருக்கும்? விளையாட்டு, நாடகம், இசை, வழிபாடு ஆகியவற்றை நடத்தியவர்களும் மாணவியரே. அணித் தலைமை, மேடைப் பேச்சு, கணக்கு வைத்தல் முதலிய பொறுப்புகளை ஆண்களுக்கு விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை அங்கு எழவில்லை. ஏனெனில் அங்கு ஆண் மாணவர் இலர்.

இரண்டாவது, தெருவோர மருத்துவம். 1909இல் ஒற்றை உருளை எந்திரம் கொண்ட பீஜோ மோட்டார் வண்டியொன்று ஐடாவுக்குக் கிடைத்தது. அதிலேறி வாரந்தோறும் குடியாத்தம் சாலையில் சென்று, குறித்த மரநிழல்களில் நின்று நோயாளரைப் பார்க்கும் வழக்கம் அப்போது தொடங்கிற்று. பள்ளி தோன்றியபின் மாணவியரும் இப்பணியில் இணைந்தனர். புண்ணுக்கு மருந்திடுதல், கண்ணோயைப் பார்த்தல், தொழுநோயாளரை அணுகுதல் என்பன வகுப்பறைக்கு வெளியே நிகழ்ந்த பாடங்களாயின. இளம்பெண்கள் சாதி வேறுபாடின்றி எல்லோரையும் தொட்டுச் சிகிச்சையளித்தமை, சமூக நோக்கில், எந்தச் சொற்பொழிவினும் வலிய செயலாகும்.

மூன்றாவது, சடங்குகள். பட்டமளிப்பு நாளில் நீண்ட மல்லிகைச் சரத்தைத் தாங்கி ஊர்வலம் செல்லும் வழக்கம் இக்கல்லூரியின் அழகிய மரபுகளுள் ஒன்றாகும். அமெரிக்கப் பெண்கள் கல்லூரியான வாசாரின் டெய்சி மலர்ச் சங்கிலி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அந்நியச் சடங்கின் வடிவமும் உள்ளூர்ப் பூவின் மணமும் இவ்வழக்கில் கலந்துள்ளன. மல்லிகை தமிழகத்தில் மணப்பெண்ணின் கூந்தலுக்குரிய பூ. திருமணத்தை முன்னிட்டே ஒரு பெண் ஊர்நடுவே பூச்சூடி ஊர்வலம் வந்த சமூகத்தில், கற்று முடித்தமைக்காக அவளை அப்பூவால் சிறப்பித்தல் சாதாரண அலங்காரமாகத் தோன்றவில்லை. அச்சடங்கின் ஆழ்ந்த பொருள் அதுவே என நாம் கருதுகின்றோம்.

4. நெருக்கடியும் மாற்றமும் (1938–1947)

1920களில் அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள், லூசி பீபடியின் தலைமையில், கீழைநாடுகளின் ஏழு பெண்கள் கல்வி நிலையங்களுக்காகப் பெருநிதி திரட்டின. சென்னைப் பெண்கள் கிறித்தவக் கல்லூரியும் வேலூர் மருத்துவப் பள்ளியும் அவ்வேழினுள் அடங்கும். ரொக்பெல்லர் குடும்ப நிதியமொன்றும் அதற்குத் துணை நின்றது. பெண்கள் பெண்களுக்காகக் கொடுத்த பணத்தில் பாகாயத்தின் மலையடிவாரத்துக் கல்லூரி வளாகம் எழுந்தது. 1930களின் தொடக்கத்தில் மாணவியர் அங்குக் குடிபுகுந்தனர்.

1930களின் இறுதியில் நிலைமை மாறியது. எல்.எம்.பி. படிப்பினை ஒழித்து, மருத்துவக் கல்வியனைத்தையும் பல்கலைக்கழகப் பட்டத் தரத்துக்கு உயர்த்துவதெனச் சென்னை மாகாண அரசு முடிவுசெய்தது. அம்முடிவு தன்னளவில் முற்போக்கானதே. ஒரே நாட்டில் இருதர மருத்துவர் இருத்தலும், கீழ்த்தரத்தவர் ஏழைகளுக்கு என்றாதலும் விரும்பத்தக்கன அல்ல. ஆனால் அதன் விளைவு எல்லோர்மீதும் ஒரே அளவில் விழவில்லை. பட்டக் கல்லூரி நடத்துவதற்குக் கூடுதல் படுக்கைகளும், உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும், ஆய்வுகூடங்களும், இவற்றுக்கெல்லாம் பெரும்பணமும் வேண்டும். அரச கல்லூரிகளுக்கு அவை இருந்தன. பெண்களுக்கென நன்கொடையில் நடந்த ஒரு பள்ளிக்கு இல்லை.

இவ்விடத்திற்றான் ஆண்களைச் சேர்ப்பது பற்றிய வாதம் எழுந்தது. இந்தியக் கிறித்தவ மருத்துவச் சங்கத்தினர் ஆண் பெண் இருபாலாருக்குமான ஒரு மருத்துவக் கல்லூரியை அமைக்க விரும்பினர். வேலூர் அதற்கு இசைந்தால் பல திருச்சபைகளின் ஆதரவும் பணமும் கிடைக்கும். இசையாவிடின் பள்ளி மூடப்படலாம். லூசி பீபடி இதனைக் கடுமையாக எதிர்த்தார். பெண்கள் பெண்களுக்காகத் தந்த செல்வத்தை வேறு நோக்கத்துக்குத் திருப்புதல் நம்பிக்கைத் துரோகம் என்பது அவர் தரப்பின் கருத்து. ஐடாவும் தொடக்கத்தில் பெண்கள் கல்லூரியாகவே அது நிலைக்க வேண்டும் என விரும்பியவர். பின்னர் வேறு வழியில்லையென உணர்ந்து இணங்கினார். பல்லாண்டுகள் தோளோடு தோள் நின்ற இரு பெண்களின் உறவை இது பிளந்தது. எழுபது வயதைக் கடந்த ஐடா அமெரிக்காவில் ஊரூராகச் சென்று பணம் திரட்டினார்.

1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கிற்று. 1946இல் நான்காண்டுத் தாதியியல் பட்டப் படிப்பும் ஏற்பட்டது. 1947இல் முதல் ஆண் மாணவர் வந்துசேர்ந்தனர். ஐடா ஓய்வுபெற்றபின் தலைமை இந்தியப் பெண்ணொருவரிடம் சென்றது. பெண்கள் மருத்துவ சேவையில் உயர்பதவி வகித்த ஹில்டா லாசரஸ் அவர். 1950இல் கல்லூரிக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நிலையான இணைப்புக் கிடைத்தது.

இவ்வரலாற்றினை 'கதவுகள் ஆண்களுக்கும் திறந்தன' என்று மட்டும் கூறுதல் போதாது. கதவு திறந்ததன் விலையை யார் கொடுத்தனர் என்ற வினா உண்டு. பட்டத் தகுதி பெறுதல் மாணவியருக்கு உறுதியான நன்மை. அந்நன்மையைப் பெறுவதற்காகத் தமக்கென்றிருந்த இடத்தின் ஒரு பகுதியை அவர்கள் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இரண்டையும் சேர்த்துக் கூறுவதே முழுமையான வரலாறாகும்.

5. பிறநாட்டு ஒப்பீடு

வேலூரின் நிலையை மேலும் தெளிவாக்குவதற்கு வேறு சில நிறுவனங்களை உடன்வைத்து நோக்கலாம். 1874இல் தோன்றிய இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியும் அதே 1947இல்தான் ஆண்களைச் சேர்த்து, ரோயல் பிரீ வைத்தியசாலை மருத்துவப் பள்ளியாகப் பெயர் மாறியது. அங்கும் அரச நிதியே அழுத்தம் தந்தது. ஆனால் 1944இன் குடெனஃப் குழுவறிக்கை, அரச மானியம் பெற விரும்பும் மருத்துவப் பள்ளிகள் அனைத்தும் இருபாலாரையும் சேர்க்க வேண்டும் என விதந்துரைத்தது. அதனால் நெடுங்காலமாகப் பெண்களை ஒதுக்கிவைத்திருந்த இலண்டனின் ஆண்கள் பள்ளிகளும் திறக்க வேண்டியதாயிற்று. பெண்கள் ஓரிடத்தில் இழந்ததற்குப் பலவிடங்களில் ஈடு கிடைத்தது. சென்னை மாகாணத்தில் அரச மருத்துவக் கல்லூரி பெண்களுக்கு ஏற்கனவே திறந்திருந்தது. ஆகவே வேலூர் மாற்றத்தால் பெண்களுக்கு அத்தகைய புதிய ஈடு கிடைத்ததாகக் கூறமுடியாது.

1894இல் ஈடித் பிரௌன் தொடங்கிய லூதியானா பெண்கள் மருத்துவப் பள்ளி வேலூரின் வழியையே பின்பற்றி 1950களின் தொடக்கத்தில் ஆண்களைச் சேர்த்தது. ஐடா படிப்பைத் தொடங்கிய பிலடெல்பியாக் கல்லூரி 1970 வரை பெண்கள் கல்லூரியாகவே நின்று பின்னர் மாறியது. 1916இல் நிறுவப்பட்ட டில்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியோ அரச ஆதரவினால் இன்றும் பெண்களுக்கென்றே இயங்குகின்றது. அரச நிதி உறுதியாக இருந்தவிடத்துப் பெண்கள் கல்லூரி நிலைத்தது. நன்கொடையை நம்பியவிடத்து அது கலந்தது. மாற்றத்தைத் தீர்மானித்ததில் கல்விக் கோட்பாட்டைவிடப் பொருளாதார அடித்தளத்திற்கே பங்கு அதிகம் என்பது இவ்வொப்பீட்டால் புலனாகும்.

6. 1947க்குப் பின்: நிலைத்தனவும் திரிந்தனவும்

ஆண் மாணவர் வந்தபோது கல்லூரியின் பழக்கவழக்கங்கள் ஏற்கனவே உருப்பெற்றிருந்தன. பொதுவாகப் பெண்கள் பின்னர் நுழையும் ஆண்கள் நிறுவனங்களில் புதிதாக வருவோர் பழைய மரபுக்கு இசைந்து நடக்க வேண்டியிருக்கும். வேலூரில் ஆண்கள், பெண்கள் ஆக்கிய மரபினுள் புதியவர்களாக நுழைந்தனர். தெருவோர மருத்துவம், கிராமப் பணி, பட்டமளிப்புச் சடங்கு, சேவை பெறுவதற்கன்று சேவை செய்வதற்கே என்னும் கல்லூரியின் குறிக்கோள் ஆகியவற்றை அவர்களும் தமதாக்கிக்கொண்டனர். இதனை உலகப் பொதுநிலையிலிருந்து வேறுபட்ட ஒரு சிறப்பெனக் கொள்ளலாம்.

அம்மரபுகள் பின்னர் நிறுவன வடிவம் பெற்றன. தெருவோரப் பணியின் நீட்சியாகச் சமூக மருத்துவத் துறையும், 1970களின் பிற்பகுதியில் கே.வி. குப்பத்தில் கிராமிய நலத் திட்டமும் வளர்ந்தன. முதலாண்டு மாணவர் கிராமமொன்றில் சில வாரங்கள் தங்கி மக்களின் வாழ்வைப் பயிலும் வழக்கம் ஏற்பட்டது. ஒவ்வொரு மாணவரையும் ஓர் ஆசிரியர் குடும்பம் தன் வளர்ப்புப் பிள்ளையாக ஏற்கும் முறையும் உருவாயிற்று. படிப்பு முடித்தோர் கிராமப்புற மிசன் வைத்தியசாலைகளில் குறித்த காலம் பணியாற்ற வேண்டும் என்ற கடப்பாடும் தொடர்ந்தது.

இம்மரபின் மிகச் சிறந்த வெளிப்பாடுகளுள் ஒருவராக மேரி வர்கீஸைக் கூறலாம். அக்கல்லூரியிற் பயின்ற இவர் 1954இல் நேர்ந்த மோட்டார் விபத்தில் இடுப்புக்குக் கீழ் இயக்கத்தை இழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். அமெரிக்காவில் மேற்பயிற்சி பெற்று மீண்டு, வேலூரில் உடலியல் மருத்துவ, புனர்வாழ்வுத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார்.

எனினும் திரிபுகளும் நிகழ்ந்தன. அவற்றுள் இரண்டை இங்குக் குறிப்பிடுவோம்.

முதலாவது தாதியர் பற்றியது. மருத்துவப் படிப்பு இருபாலாருக்கும் உரியதாகியபோது தாதியியல் பெரும்பாலும் பெண்களிடமே தங்கிற்று. பெண்கள் பள்ளியாக இருந்த காலத்தில் மருத்துவரும் பெண், தாதியும் பெண். இருவருக்குமிடையில் இருந்த வேறுபாடு கல்வித் தகுதியைச் சார்ந்தது. ஆண்கள் வந்தபின், ஆணையிடுபவர் ஆண், ஏற்பவர் பெண் என்ற பொதுச் சமூகத்தின் தொழிற்பிரிவினை வளாகத்தினுள்ளும் இடம்பெற வழியுண்டாயிற்று. இது வேலூருக்கு மட்டுமுரிய குறையன்று. நவீன வைத்தியசாலை அமைப்பின் பொதுக்குறை. ஆயினும் பெண்களால் பெண்களுக்கென அமைந்த ஓரிடத்தில் அது நுழைந்தமை சிந்திக்கத்தக்கது.

இரண்டாவது, புதிய மாணவரை வரவேற்கும் முறை. விடுதி வாழ்வில் மூத்தோர் இளையோரை ஏற்றுக்கொள்ளும் சடங்கு எல்லாக் கல்லூரிகளிலும் உண்டு. அது அன்பாகவும் அமையலாம், அடக்குமுறையாகவும் அமையலாம். 2022 நவம்பரில் இக்கல்லூரியின் ஆண்கள் விடுதியில் புதுமுக மாணவர் பகிடிவதைக்கு உள்ளாகியமை பற்றிய காட்சிப்பதிவு வெளிவந்தது. மூத்த மாணவர் எழுவர் இடைநிறுத்தப்பட்டனர். நூறாண்டுச் சேவை மரபும் கொடுமை மரபும் ஒரே வளாகத்தில் அருகருகே வாழக்கூடும் என்பதை இது காட்டுகின்றது. 'இது எங்கள் மரபு' என்ற சொல் எதனையும் நியாயப்படுத்தப் போதுமானதன்று.

மாணவரைத் தெரிவுசெய்யும் முறையும் மாற்றத்துக்கு உள்ளாகியது. எழுத்துப் பரீட்சையோடு சில நாட்கள் நீடிக்கும் நேர்முகமும் குழுச் செயற்பாடுகளும் வைத்து, கிராமப் பணிக்கு ஏற்ற மனப்பாங்குடையோரைத் தேர்ந்தெடுப்பது கல்லூரியின் நெடுநாள் வழக்கம். இந்திய அரசின் பொது நுழைவுத் தேர்வான நீட் அதனுடன் மோதிற்று. 2017இல் தன் வழக்கமான முறைக்கு இடமில்லாத நிலையில் கல்லூரி ஒரேயொரு மாணவரையே எம்.பி.பி.எஸ். வகுப்பிற் சேர்த்தது. 2020 ஏப்ரலில் இந்திய உச்சநீதிமன்றம் சிறுபான்மை நிறுவனங்களுக்கும் நீட் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. 1938இல் மாகாண அரசு தரத்தின் பெயரால் இட்ட நிபந்தனையும், இக்காலத்து மத்திய அரசு தகுதியின் பெயரால் இட்ட நிபந்தனையும் ஒப்புமையுடையன. இரண்டிலும் ஒரே அளவுகோல் என்ற நியாயம் உண்டு. இரண்டிலும் அவ்வளவுகோலால் அளக்க முடியாத ஒன்று விடுபடும் அபாயமும் உண்டு.

7. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று. வேலூரின் மாணவர் மரபுகள் விலக்கப்பட்டோரின் தேவையிலிருந்து பிறந்தவை. அவற்றை ஆக்கியோர் நிறுவுநரோடு பெயரறியா மாணவியருமாவர். பெண்கள் பள்ளி பொதுக் கல்லூரியானமை பொருளாதார அழுத்தத்தின் விளைவு. அதில் ஆதாயமும் இழப்பும் ஒருங்கே உண்டு. மரபின் வடிவம் தொடர்வதால் அதன் பொருளும் தொடர்கின்றதென எண்ணுதல் தவறு. ஒவ்வொரு தலைமுறையும் அதனை மீண்டும் வினவ வேண்டும்.

இம்முடிவுகள் நமது பல்கலைக்கழகங்களுக்கும் பொருந்தும். வேலூர் பட்டக் கல்லூரியான அதே 1942இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம் தொடக்கத்திலிருந்தே இருபாலாருக்கும் உரியது. இன்று இலங்கைப் பல்கலைக்கழக மாணவருள் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். எனினும் எண்ணிக்கை ஒன்றே வாழ்வின் தரத்தைக் காட்டாது. 1975இல் பேராதனை இராமநாதன் விடுதியில் பகிடிவதைக்கு அஞ்சி மாடியிலிருந்து குதித்த மாணவியொருவர் நடமாடும் ஆற்றலை இழந்தார். பகிடிவதையைத் தடைசெய்யும் 20ஆம் இலக்கச் சட்டம் வருவதற்கு 1998 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாத்தளை மாவட்டத்துப் பலாபத்வல போன்ற சிற்றூரிலிருந்தோ, மலையகத் தோட்டமொன்றிலிருந்தோ, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதிக்கும் ஒரு மாணவியை நினைத்துப் பார்ப்போம். அவளுக்கு விடுதியில் கிடைப்பது பாகாயத்து மாணவியர் ஒருகாலத்தில் தமக்கென ஆக்கிக்கொண்ட தோழமையா, அன்றி மரபென்ற பெயரில் நடக்கும் அவமதிப்பா? மாணவர் மன்றங்களில் தலைமையும் பேச்சும் அவளுக்கும் உரியனவா, அன்றி அவள் கோலமிடவும் விளக்கேற்றவும் மட்டும் அழைக்கப்படுகின்றாளா?

பெண்கள் கல்லூரிக்கு மீண்டும் திரும்ப வேண்டும் என நாம் கூறவில்லை. தனித்திருந்த காலத்தில் பெண்கள் கட்டியெழுப்பிய பொறுப்பும் தலைமையும் துணிவும், கலந்து வாழும் காலத்தில் கைநழுவாதிருத்தல் வேண்டும் என்பதையே வலியுறுத்துகின்றோம். அதற்கு முதற்படியாக, நமது விடுதிகளின், மாணவர் சங்கங்களின், பழைய மகளிர் பாடசாலைகளின் பதிவேடுகளையும் முதிய மாணவியரின் நினைவுகளையும் தேடித் தொகுத்தல் வேண்டும். வேலூரின் முதற் பதினால்வரின் பெயர்கள் பொதுநினைவிலிருந்து மறைந்ததுபோல நம் பெண்களின் பெயர்களும் மறைந்துபோகும் முன்னரே இப்பணி தொடங்கப்பட வேண்டும்.